நோயாளியின் எழுத்து: பூஸீரி முதல் கோபிகிருஷ்ணன் வரை

சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் 2022-ஆம் ஆண்டு, 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழக அரசின் மனநல ஆலோசனைச் சேவை தொடங்கப்பெற்றது. ‘நட்புடன் உங்களோடு’ என்பது அதன் பெயர். அழைப்பவரின் முகத்தை ஆலோசகர் காண்பதில்லை. நாடி பார்ப்பதும் இல்லை. அவருக்குக் கிட்டுவது, துயருற்றவர் தம் கதையைச் சொல்லும் சொல் மட்டுமே. சொல்லும் ஒரு சிகிச்சைக் கருவி என்னும் இக்கருத்து மேலைநாட்டாரின் அண்மைக் கண்டுபிடிப்பு என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நம் ஏடுகள் கூறுவது வேறு.

ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் தம் நூலை இரு பகுதிகளாக அமைத்தார், முற்பகுதி உடலுக்கு, பிற்பகுதி உள்ளத்துக்கு. மருத்துவர்கள் உடலை மட்டுமே கவனித்து உள்ளத்தின் பிணிகளைக் கைவிட்டனர் என்பது அவருடைய குறை. நலமாக இருக்கும் காலத்திலேயே மருந்துகளைச் சேர்த்து வைப்பதுபோல், நல்லெண்ணங்களையும் மனத்தில் சேர்த்து வைத்துத் துயர் வந்தபோது எடுத்தாள வேண்டும் என்றார். அது போதாவிடின், பிறரது அறிவுரையும் ஆறுதலும் துணை நிற்கும் என்றார். மருந்தை அவர் விலக்கவில்லை என்பது இங்கே முக்கியம். (இப்னு ஸீனாவை அறிந்த அளவுக்கு நம் மாணவர்கள் பல்கீயை அறியாதது வியப்பே.)

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களை வாதநோய் தாக்கி, உடலின் ஒரு பாதி செயலிழந்தது. அந்நிலையில்தான் அவர் கஸீதத்துல் புர்தாவை இயற்றினார். கனவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் போர்வையைப் போர்த்த, நலம் பெற்று எழுந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அவரது நோய் உடல்நோயே. எனினும் நாம் நோயுற்றோர் அருகே ஓதும் அப்பாடல், ஒரு நோயாளி தம் கையால் செய்த படைப்பு என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

இனித் தமிழுக்கு வருவோம். உளவியலும் சமூகப்பணியும் கற்ற எழுத்தாளர் கோபிகிருஷ்ணன், மனநோயாளிகளின் பேச்சை அவர்கள் குரலிலேயே பதிந்து, ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ என்னும் நூலை 1986-இல் தந்தார். தாமும் உளத்துன்பத்துக்கு மருந்து உண்டவர். அதை மறைக்காமல் எழுதியவர். நண்பர் சஃபியுடன் ‘ஆத்மன்’ என்னும் ஆலோசனை மையமும் நடத்தினார். 2003-இல் மறைந்தார். மருந்தும் எழுத்தும் அவரிடம் ஒன்றையொன்று விலக்கவில்லை. எழுத்து அவரை முற்றும் குணப்படுத்திற்று எனச் சொல்லுவது பொய்யாகும்; ஆனால் பைத்தியம் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டோர்க்கு அது பெயரும் பேச்சும் அளித்தது.

அதே 1986-இல் அமெரிக்க உளவியலார் பென்னிபேக்கர், மாணவர்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வின் பெருந்துயரை எழுதச் செய்தார். அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது குறைந்தது. பிந்தைய ஆய்வுகள் இப்பயன் சிறிது என்றே காட்டின. ஆதலால் எழுத்தை மருந்துக்கு மாற்றாக எவரும் கொள்ளலாகாது.

மாற்றாகக் கொண்டதன் விளைவை நாம் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்காவை அண்டியிருந்த தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டனர். அங்கே துஆவின் பெயர் இருந்தது, மருத்துவம் இல்லை, அவர்கள் பேச்சைக் கேட்போரும் இல்லை. சிகிச்சை செய்துகொள்ளுமாறு நபிகளார் (ஸல்) பணித்திருக்க, அவர்களைச் சங்கிலியில் விட்ட பொறுப்பில் நம் சமூகத்துக்கும் பங்குண்டு. பின்னர் 2010-களில் அரசு ‘தவா–துஆ’ என்னும் திட்டத்தால் மனநல மருத்துவரையே தர்காவின் அருகே கொண்டுவந்தது. பல்கீ கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அத்திட்டத்தில் இன்னும் ஓர் இருக்கைக்கு இடமுண்டு. அரபுக் கல்லூரி மாணவர் ஒருவர், மருத்துவரின் அனுமதியோடும் நோயாளியின் இசைவோடும், அவர் சொல்லுவதை எழுதி அவரிடமே வாசித்துக் காட்டலாம். அதற்கு வேண்டியவை ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் சில மாலைப்பொழுதுகளுமே.