பத்மநாபனும் முத்துக்குட்டியும்: திருவனந்தபுரத்தில் பெயரிடும் உரிமையின் வரலாறு

குழந்தைக்குப் பெயர் தேடுகிற பெற்றோர் முதலில் கேட்பது, "அதுக்கு என்ன அர்த்தம்?" என்றுதான். பத்மநாபன் என்றால் உந்தியில் தாமரை உடையவன், வடசொல். தமிழர் அதைப் பற்பநாபன் என்றும் எழுதினார்கள். அகராதி அத்தோடு நின்றுவிடும். அந்தப் பெயரை எந்த வீட்டில் வைத்தார்கள், தெருவில் அது எப்படி ஒலித்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் முழுப் பொருளும் பிடிபடும். 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் பெயர் என்பது வீட்டுக்குள் முடிகிற காரியமாக இருக்கவில்லை.

அரண்மனையிலிருந்து தொடங்கலாம். 1750-இல் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைப் பத்மநாப சுவாமிக்குத் திருப்படித்தானமாக ஒப்படைத்தார். அதுமுதல் அரசர்கள் பத்மநாப தாசர்கள். அவர்களுடைய இயற்பெயர்களில் புதுமைக்கு இடமே இல்லை. 1758 முதல் 1924 வரை அரியணையில் இருந்த ஆண் அரசர்கள் எழுவரில் ஐவர் ராம வர்மா; மற்ற இருவர் பாலராம வர்மாவும் மார்த்தாண்ட வர்மாவும். தமிழில் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன். மருமக்கள்தாய முறையில் அரசாண்ட இக்குடும்பத்தில் பெயர் தாய்வழியில் இறங்கியது. அப்படியானால் ஒரு ராம வர்மாவை இன்னொருவரிடமிருந்து எப்படிப் பிரித்து அறிந்தார்கள்? பிறந்த நட்சத்திரத்தால். சுவாதி திருநாள், ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள். தமிழ்நாட்டில் சம்பந்தம் பேசும்போது பெண்ணின் நட்சத்திரம் ஆயில்யம், விசாகம், மூலம் என்றால் இன்றும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதே மூன்றும் திருவனந்தபுரத்தில் அரசனைக் குறிக்கும் சொற்களாக இருந்தன.

பட்டமும் பெயராக மாறியது. 'செண்பகராமன்' என்பது திருவிதாங்கூர் மன்னர்கள் அளித்த விருதுப்பெயர். தளவாய் வேலுத்தம்பியின் முழுப்பெயரில் வேலாயுதன் செண்பகராமன் தம்பி என்று அது இருக்கிறது. 1891-இல் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, பின்னாளில் ஜெர்மனியிலிருந்து விடுதலைக்குப் போராடிய செண்பகராமன் பிள்ளைக்கோ அது பெற்றோர் இட்ட பெயர். வெகுமதியாக வந்த சொல் தொட்டிலுக்கு வர ஒரு நூற்றாண்டு போதுமாக இருந்தது.

எல்லார் வீட்டுத் தொட்டிலுக்கும் எல்லாப் பெயரும் வந்துவிட முடியவில்லை. 1809-இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சுவாமிதோப்பில், அன்று தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த நாடார் குடும்பமொன்றில் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். மேல்சாதியார் எதிர்த்ததால் அது முத்துக்குட்டி ஆயிற்று என்று அய்யாவழி மரபு சொல்கிறது. அவரே அய்யா வைகுண்டர். அந்தப் பெயரில் எந்தச் சொல் உறுத்தியிருக்கும்? 'பெருமாள்' திருமாலையும் அரசனையும் குறிக்கும். 'முடிசூடும்' என்ற அடைமொழி அந்த இரண்டாம் பொருளைப் பளிச்சென்று முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. முத்து, குட்டி இரண்டும் இனிய தமிழ்ச் சொற்கள்தாம். ஆனால் பறித்துக்கொண்ட பெயருக்கு ஈடாகத் தரும்போது 'குட்டி' என்ற சொல்லில் செல்லம் இல்லை; ஆளைச் சிறியவனாகவே வைத்திருக்கும் கருத்துதான் இருக்கிறது.

சுவாதி திருநாள் காலத்தில் வைகுண்டரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். அவரைப் பின்பற்றும் ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டித்தான் வழிபடுகிறார்கள். இந்த வழக்கத்தைத் தன்மானத்தின் அடையாளமாகப் பலர் விளக்கியிருக்கிறார்கள். அதை அந்தப் பெயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. முடிசூடும் என்ற சொல் மறுக்கப்பட்டவர், தம் மக்கள் அத்தனை பேர் தலையிலும் முடியை ஏற்றினார்.

திருவனந்தபுரம் பேட்டையில் 1863-இல் ஈழவர் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பல்ப்புவின் பெயர், பத்மநாபன் என்பதன் சுருக்கம். செம்பழந்தியில் பிறந்த நாராயண குருவை வீட்டில் நாணு என்றே அழைத்தார்கள். இங்கே அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. வேலாயுதன் வேலு ஆனது போல மேல்சாதி வீடுகளிலும் பெயர்கள் சுருங்கின. சுருக்கம் மட்டுமே இழிவுக்குச் சான்றாகாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பல்ப்பு எந்தத் தெய்வத்தின் பெயரைத் தாங்கினாரோ அந்தத் தெய்வத்தின் கோயிலுக்குள் அவர் சமூகத்தார் 1936 நவம்பர் 12-ஆம் நாள் வந்த ஆலயப் பிரவேச அறிவிப்பு வரை நுழைய முடியாது. மருத்துவம் படித்தும் திருவிதாங்கூரில் வேலை கிடைக்காமல் அவர் மைசூருக்குப் போனார். 1896-இல் அவர் முன்னின்று மூலம் திருநாளுக்கு அளித்த விண்ணப்பத்தில் 13,176 பேர் கையொப்பமிட்டார்கள். அத்தனை ஈழவர் பெயர்கள் ஒரே தாளடுக்கில் அரசன் முன் போய்ச் சேர்ந்தன. தம் மகனுக்கு அவர் இட்ட பெயர் நடராஜன். பின்னாளில் நடராஜ குரு.

'ஐயன்' என்ற சொல்லின் பயணம் இதைவிட வியப்பானது. தந்தை, தலைவன், தெய்வம் என்று பொருள்படும் பழந்தமிழ்ச் சொல் அது. சட்டம்பி சுவாமிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் அய்யப்பன், நாயர் குடும்பம். வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்த அய்யங்காளியின் இயற்பெயர் காளி; முன்னால் நிற்பது தந்தை அய்யனின் பெயர். இவ்விருவரும் மதித்த தைக்காடு அய்யா சுவாமிகளோ சுப்பராயர் என்ற தமிழர். சாதி மனிதர்களைப் பிரித்த அளவுக்குச் சொற்களைப் பிரிக்க முடியவில்லை.

பெயரின் பொருளைத் தமிழில் தேடியவர்களும் உண்டு. வேதாசலம் தம் பெயரைப் பிரித்து, வேதத்தை மறையாகவும் அசலத்தை மலையாகவும் மாற்றி மறைமலையடிகள் ஆனார். அவர் முன்னின்ற தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தொடங்கியது. ஊர்ப்பெயருக்கும் அப்படி ஒரு மாற்றம் இலக்கியத்தில் நடந்தது. நீல. பத்மநாபன் தம் திருவனந்தபுர நாவலுக்குப் பள்ளிகொண்டபுரம் என்று தலைப்பிட்டார். அதன் நாயகன் அனந்தன் நாயர். கோயிலில் பெருமாளைத் தாங்கும் பாம்பின் பெயர்.

இன்று இந்நகரப் பெற்றோர், பொருளே இல்லாவிட்டாலும் காதுக்கு இனிமையான ஈரசைப் பெயர்களைப் புனைகிறார்கள். நான் பொருளுள்ள பெயரையே விரும்புகிறேன். ஆனாலும் புனையும் உரிமையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. குழந்தை பிறந்த 28-ஆம் நாள் இடுப்பில் அரைஞாண் கட்டி, ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் மூன்று முறை பெயரைச் சொல்கிறார்கள். பிறப்புப் பதிவில் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் முடிசூடும் பெருமாள் என்ற பெயரும் அப்படியே பதிவாகும்.