காவாச் செடியும் எழுதப்படாத வரலாறும்

வரலாற்றாசிரியர் நாடும் சான்றுகளுள் கல்வெட்டு, ஏடு, நாணயம் என்பன முதலிடம் பெறுகின்றன. இவற்றுள் ஒன்றையேனும் விட்டுச் செல்லாத மக்களின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது? பசுபிக் தீவுகளில் வளரும் சிறு செடியொன்று இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றது. அதுவே காவா.

மிளகு, திப்பிலி, வெற்றிலை ஆகியன அடங்கிய பைப்பர் என்னும் சாதியைச் சேர்ந்தது காவா. அவை கொடியாய்ப் படர, இதுவோ இதயவுருவான இலைகளுடன் நிமிர்ந்து, இரண்டு மூன்று மீற்றர் உயரம் வளரும். இதன் வேரை இடித்தோ மென்றோ நீரிற் கலந்து பிழிந்து பானமாக்குவர். அது நொதிக்கப்படுவதன்று, ஆதலின் மதுவும் அன்று. உடலைத் தளர்த்தி உள்ளத்தை அமைதிப்படுத்தும் இப்பானம் விருந்தினரை வரவேற்கும் சடங்குகளிலும் பிணக்குத் தீர்க்கும் அவைகளிலும் சிறப்பிடம் பெற்றது.

கப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்திற் (1772-1775) கலந்துகொண்ட ஜோர்ஜ் போஸ்ரர், 1786 இல் இதற்குப் பைப்பர் மெதிஸ்ரிக்கம் எனப் பெயரிட்டார். ‘வெறியூட்டும் மிளகு’ என்பது அதன் பொருள். அமைதிக்கும் உறவுக்கும் உரியதாகத் தீவினர் போற்றியதை ஐரோப்பியர் வெறிப் பொருளாகவே கண்டனர் என்பதற்கு இப்பெயரே சான்று.

காவாவில் ஆண்செடியும் பெண்செடியும் வேறு வேறானவை. பூக்கதிர்கள் தோன்றினும் அவை வளமான வித்தைத் தருவதில்லை. தண்டுத் துண்டங்களை நட்டே இதனைப் பெருக்குதல் வேண்டும். காற்றோ பறவையோ கடலலையோ இதனைப் பரப்பவில்லை. எனவே ஒரு தீவிற் காவா காணப்படின், தோணியில் வந்த மனிதர் அதனை அங்கு கொணர்ந்து நட்டனர் என்பது தெளிவு. தாவரவியல் உண்மை வரலாற்றுச் சான்றாக மாறும் இடம் இதுவாகும்.

இதன் காட்டு மூதாதை எனக் கருதப்படும் பைப்பர் விச்மன்னை, நியூகினி, சொலமன் தீவுகள், வனுவாத்து ஆகிய இடங்களில் வளர்கின்றது. அது வித்துத் தருவது. இரண்டும் 130 நிறமூர்த்தங்களைக் கொண்டவை. வின்சென்ற் லெபோ முதலிய ஆய்வாளர் 1980களில் இவற்றின் நொதியங்களையும் வேதிப் பொருள்களையும் ஒப்பிட்டு, வட வனுவாத்துவே காவாவின் பிறப்பிடமாதல் கூடும் என்றனர். அந்நாட்டில் எண்பதுக்கு மேற்பட்ட வகைகள் உள. கிழக்கே பொலினீசியத் தீவுகளை நோக்கிச் செல்லச் செல்ல இவ்வேறுபாடு சுருங்குகின்றது. குளிர் மிகுந்த நியூசிலாந்திலோ காவா நிலைக்கவில்லை; ஆயினும் அங்குள்ள வேறொரு மிளகினச் செடியை மாவோரியர் ‘கவகவ’ என அழைக்கின்றனர். செடி வாழாத மண்ணிலும் அதன் பெயர் வேரூன்றியது போலும்!

எனினும் இச்சான்றின் எல்லையையும் உணர்தல் வேண்டும். பயணத்தின் திசையைச் செடி காட்டும். ஆண்டையும் ஆளையும் காட்டாது. அவற்றுக்குத் தொல்லியலையும் மொழியியலையும் துணைக்கொள்ளல் அவசியம்.

தமிழருக்கும் இச்செடியோடு தொடர்புண்டு. 1879 முதல் 1916 வரை இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் பீஜித் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தினூடாகத் தென்னிந்தியரும் சென்றனர். அங்கு ‘யங்கோனா’ எனப்படும் காவாவை அவர்தம் வழித்தோன்றல்களும் தமதாக்கிக்கொண்டனர்.

2002 இல் ஜேர்மனி, ஈரலுக்குக் கேடு விளையுமெனக் கருதிக் காவா மருந்துகளுக்கான அனுமதியை நீக்கியது. 2014 இல் அந்நாட்டு நீதிமன்றம் அம்முடிவு முறையற்றதெனத் தீர்ப்பளித்தது. வனுவாத்து 2002 இல் இயற்றிய காவாச் சட்டம் சிறந்த வகைகளை ஏனையவற்றினின்றும் பிரித்துக் காட்டியது. சந்தை விரும்பும் சில வகைகளை மட்டுமே உழவர் நடுவராயின் ஏனையவற்றின் கதி யாது? வித்தில்லாத செடியை மண் நினைவிற் கொள்ளாது. படியெடுக்கப்படாத ஓலைச்சுவடி செல்லரித்து மறைவது போல, ஒரு தலைமுறை நடத் தவறிய வகை என்றென்றைக்கும் அழியும். அதனோடு அதனைச் சுமந்து கடல் கடந்தோரின் வரலாற்றில் ஓர் ஏடும் அழியும்.