வெக்கை நோய் ஒழிப்பும் கால்நடை மருத்துவ அறிவும்

வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) என்பது மாடுகளையும் எருமைகளையும் கூட்டம் கூட்டமாகக் கொன்ற தீநுண்மி நோயாகும். கடுங்காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். மனித முயற்சியால் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்ட நோய்கள் இரண்டுதான். ஒன்று பெரியம்மை; மற்றொன்று இது.

கல்வியின் தொடக்கம்

1761-இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்ற இந்நோய் முக்கியக் காரணமாக இருந்தது. இந்தியாவில் 1889-இல் புனேயில் தொடங்கப்பட்ட நுண்ணுயிரியல் ஆய்வகம் 1893-இல் முக்தேசுவருக்கு மாறியது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் வேப்பேரியில் தொடங்கியது.

மாறிய முறைகள்

தொடக்கத்தில் நோய்க் கிருமியும் எதிர்ப்புச் சீரமும் ஒருசேர ஊசியாகப் போடப்பட்டன. இது செலவு மிக்கது; ஆபத்தும் உண்டு. 1920-களில் முக்தேசுவரில் ஜே. டி. எட்வர்ட்ஸ் ஆடுகளில் வளர்த்து வீரியம் குறைத்த கிருமியிலிருந்து தடுப்பூசி உருவாக்கினார். அதுவும் கலப்பின மாடுகளுக்குக் கடுமையாக இருந்தது. பின்னர் கென்யாவில் வால்ட்டர் பிளவ்ரைட் உருவாக்கிய திசு வளர்ப்புத் தடுப்பூசி எல்லா இன மாடுகளுக்கும் ஏற்றதாக அமைந்தது. இவ்வாறு ஒரு தலைமுறை மருத்துவர் கற்றதை அடுத்த தலைமுறை திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அரசூர் தந்த பாடம்

தென்னிந்தியாவில் ஆடுகளுக்கு இதே அறிகுறிகள் கண்டால் அதையும் வெக்கை நோய் என்றே கருதிவந்தனர். 1987-இல் விழுப்புரம் அருகே அரசூரில் செம்மறி ஆடுகளைத் தாக்கிய நோய் வேறொன்று என ஆய்வில் தெளிவானது. அதுவே ஆட்டுக்கொல்லி நோய் (பி.பி.ஆர்.). எம். எஸ். சைலா குழுவினர் 1989-இல் இதை வெளியிட்டனர். இந்த வேறுபாடு தெரியாமல் இருந்திருந்தால், ஆடு நோயுறும் ஒவ்வொரு முறையும் வெக்கை நோய் இன்னும் இருப்பதாகவே தோன்றியிருக்கும்.

ஊசியை நிறுத்திய துணிவு

1954-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இறுதிக் கட்டத்தில் தடுப்பூசியையே நிறுத்த வேண்டியிருந்தது. ஏனெனில் மாட்டின் இரத்தத்தில் காணும் எதிர்ப்பாற்றல் ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது. 40 ஆண்டுகள் ஊசி போட்டுப் பழகியவர்கள், ஊசியை நிறுத்திவிட்டு ஊர் ஊராகத் தேடிப் பார்க்கக் கற்றனர். இந்தியாவின் கடைசி நோய்த்தாக்கம் 1995-இல் தமிழ்நாட்டில் பதிவானது. 2006-இல் நாடும், 2011-இல் உலகமும் நோயற்றவையாக அறிவிக்கப்பட்டன.

தென்காசி வட்டாரம்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் சாலையில் தென்காசியும், அதன் அருகே குற்றாலமும் உள்ளன. கால்நடைகள் செல்லும் சாலையில் நோயும் செல்லும். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் கண்டால் புளியரைச் சோதனைச் சாவடியில் வாகனங்களுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்படுகிறது. ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிப்பது உலக இலக்கு. திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆடு வளர்ப்போர் குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுவதுடன், ஆடுகள் திடீரென இறந்தால் மறைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிப்பதும் அவசியம். வெக்கை நோய் அப்படித்தான் ஒழிந்தது.