ஓட்டிசப் பிள்ளைகளின் உள்ளமும் இலண்டன் ஆராய்ச்சியும்

பிள்ளையின் உள்ளம் செல்லும் வழியை அறிந்தே கல்வி புகட்டல் வேண்டுமென்பது ஆசிரியருலகில் இன்று யாவரும் ஒப்பும் உண்மை. ஆயின், அவ்வழி பிறர்க்கு எளிதிற் புலப்படாத பிள்ளைகளும் உளர். அவர்களுள் ஒரு வகையினரே ஓட்டிசம் உடையோர். இத்தகையோர் எக்காலத்தும் இருந்திருப்பரெனினும், அவர்களைத் தனியொரு வகையினராகக் கண்டு ஆராய்ந்த வரலாறு இருபதாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று. மொஸ்கோ நகரிலே சுகரேவா என்னும் பெண் மருத்துவர் 1925 ஆம் ஆண்டில் ஆறு சிறுவரைப் பற்றி எழுதிய கட்டுரை மேனாட்டறிஞர் பலருடைய கண்ணிற் படாது போயிற்று. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் 1943 இல் வெளியிட்ட கட்டுரையே உலகின் கவனத்தை ஈர்த்தது.

கானர் கண்ட பிள்ளைகள் பதினொருவர். அவருள் எண்மர் ஆண்பிள்ளைகள். முதற் பிள்ளையாகிய டொனால்ட் மூன்று வயது நிறையுமுன்னரே கிறித்தவ வினாவிடைகள் இருபத்தைந்தை மனனஞ் செய்து ஒப்புவித்தவன். ஆயினும் தந்தை வீட்டுக்கு வருவதையும் போவதையும் அவன் பொருட்படுத்தியதில்லை. இது பிறவியிலேயே அமைந்த குறைபாடென்று கானர் எழுதினார். அதே கட்டுரையில், இப்பிள்ளைகளின் பெற்றோருள் அன்பு கனிந்தோர் சிலரேயெனவும் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டார். முன்னதை மறந்த உலகம் பின்னதைப் பற்றிக்கொண்டது. ஒரு கட்டுரையின் ஓரத்தில் நின்ற சொல் எத்துணைக் குடும்பங்களை வருத்தியதென்பதை எண்ணுங்கால் நெஞ்சு கலங்கும்.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பள்ளியொன்றின் தலைவராயிருந்த புறூனோ பெற்றல்கைம், நாற்சியரின் சிறைமுகாம்களில் அடைபட்டு மீண்டவர். முகாமிற் கைதிகள் உள்ளொடுங்கியவாறே, தாயின் அன்பின்மையாற் பிள்ளை தன்னுள் ஒடுங்குகின்றதென அவர் கருதினார். 1967 இல் அவர் எழுதிய நூல் பெரிதும் வாசிக்கப்பெற்றது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலே மருந்தெனக் கொள்ளப்பட்டது. பெற்ற பிள்ளை தன் முகம் பாராத துயரோடு, அதற்குக் காரணமும் தானே என்ற பழியையும் தாய் சுமக்க நேர்ந்தது. உவமையைச் சான்றாகக் கொண்டதே ஈண்டு நேர்ந்த தவறு.

இவ்விருள் நீங்குதற்கு வேண்டிய பொறுமையான பரிசோதனைகள் இலண்டன் மாநகரில் நிகழ்ந்தன. பேர்ளினிற் பிறந்த பியாற்றே ஹேர்மலின் அம்மையாரும் நீல் ஓகொனரும் ஓட்டிசப் பிள்ளைகளை அமைதியாக இருத்திச் சொல், ஒலி, உருவம் ஆகியவற்றை அவர்கள் எங்ஙனம் நினைவிற் கொள்கின்றனரென அளந்தறிந்தனர். ஏனைய பிள்ளைகள், தொடர்பற்ற சொற்களினும் பொருள் நிறைந்த வாக்கியங்களையே மிக நன்றாக நினைவுகூர்வர். ஓட்டிசப் பிள்ளைகளோ பொருளின் துணையால் அத்துணைப் பயன் பெற்றாரல்லர். இவ்விருவரின் வழிநின்று ஆராய வந்தவரே, 1941 இல் ஜேர்மனியிற் பிறந்து இலண்டனில் 1968 இற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஊற்றா பிரித் அம்மையார். நிறவரிசைகளைப் பிள்ளைகள் எவ்வாறு அமைக்கின்றனரென்பதிலே தொடங்கியது அவரது ஆராய்ச்சி.

அவரும் அமிற்றா ஷாவும் 1983 இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படத்தக்கது. குழந்தைவண்டி போன்றதொரு படத்தினுள்ளே ஒரு முக்கோணம் மறைந்திருக்கும். அதனைக் கண்டுபிடித்தல் வேண்டும். முழுப்படத்தின் பொருளில் மயங்குவோர் முக்கோணத்தைக் காணத் தடுமாறுவர். ஓட்டிசப் பிள்ளைகளோ தம்மையொத்த உளவயதினரினும் சிறப்பாக அதனைக் கண்டனர். உறுப்பை முழுமையிலிருந்து பிரித்துக் காணும் இத்திறனையும், உறுப்புக்களை ஒன்றிணைத்துப் பொருள் காண்பதிலுள்ள தளர்ச்சியையும் ஒரே இயல்பின் இரு முகங்களாக 1989 இல் எழுதிய நூலிற் பிரித் அம்மையார் விளக்கினார். குறைகளை மாத்திரம் எண்ணிய முன்னையோர் நோக்கினும் இது மேலானது.

1985 இல் சைமன் பரன்-கோகன், அலன் லெஸ்லி ஆகியோருடன் அவர் நடாத்திய பொம்மைப் பரிசோதனை உலகறிந்தது. சாலி, ஆன் என இரு பொம்மைகள். சாலி தன் போளையைக் கூடையில் இட்டு வெளியே செல்கின்றாள். அவள் இல்லாதபோது ஆன் அதனை எடுத்துப் பெட்டியில் மறைக்கின்றாள். சாலி மீண்டு வந்து போளையை எங்கே தேடுவாளென்பது வினா. சராசரி நாலரை வயதுடைய 27 பிள்ளைகளுள் 23 பேர் கூடையைச் சுட்டினர். டவுன் நோய்க்குறியுடைய 14 பேருள் 12 பேரும் அவ்வாறே செய்தனர். மொழித்திறனில் இவர்களுக்குக் குறையாத 20 ஓட்டிசப் பிள்ளைகளுள் 16 பேர் போளை உண்மையில் இருந்த பெட்டியையே காட்டினர். போளை எங்கேயுள்ளதென்பதை அவர்கள் மறந்தாரல்லர். சாலி அதனை அறியாளென்பதே அவர்களுக்கு எட்டவில்லை. அறிவுக்குறைவென்று பொதுப்படக் கூறுவதால் இதனை விளக்கல் இயலாது.

இதனிடையே தாயர்மீது சுமத்தப்பட்ட பழியும் நீங்கலாயிற்று. 1977 இல் சூசன் போல்ஸ்ரீனும் மைக்கல் ரற்றரும் இரட்டைப்பிள்ளைகள் 21 சோடியினரை ஆராய்ந்தனர். ஒரு கருவிலிருந்து தோன்றிய 11 சோடிகளுள் நான்கில் இருவரும் ஓட்டிசமுடையோர். இருகரு இரட்டையர் 10 சோடிகளுள் அவ்வாறு ஒன்றேனும் இல்லை. ஒரே தாயிடம் வளர்ந்தோரிடை இவ்வேறுபாடு தோன்றுதற்குப் பிறவிக்கூறே காரணமாதல் தெளிவு.

வகுப்பறையிற் கிடைத்த சான்றையும் கூறல் வேண்டும். சிபில் எல்கர் என்னும் ஆசிரியை இலண்டனிலே இப்பிள்ளைகளுக்கெனத் தொடங்கப்பெற்ற பள்ளியை 1965 முதல் நடாத்தி, ஒழுங்கும் அமைதியும் கண்ணுக்குப் புலனாகும் பொருள்களுங் கொண்டு கற்பிக்கலாமெனக் காட்டினார். பின்னர் பார்ற்றக்கும் ரற்றரும் மூன்று கல்விக்கூடங்களை ஒப்புநோக்கி, 1973 இல் முடிவுகளை வெளியிட்டனர். பிள்ளையை அதன் போக்கில் விட்டு உளச்சிகிச்சை அளித்த இடத்திலும், பாடங்களைத் திட்டமிட்டு நேராகக் கற்பித்த இடத்திலேயே படிப்பு முன்னேறியது. ஆசிரியர் தொழிலின் மதிப்பை உணர்த்தும் இவ்வாய்வு பொம்மைப் பரிசோதனையளவு புகழ் பெறாமை வியப்பே.

பொம்மைப் பரிசோதனையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. அதில் வெற்றிபெற்ற நால்வரைப் பற்றிய வினா நெடுநாள் நின்றது. 2009 இல் பிரித் அம்மையாரும் சேர்ந்து நடாத்திய ஆய்வொன்றில், ஓட்டிசமுடைய வளர்ந்தோர் வினாவுக்குச் சரியாகவே விடையிறுத்தனர். ஆயினும் நாடகத்தை வாளா காணும்போது அவர்தம் கண்கள் அவ்விடத்தை முன்னரே நாடவில்லை. பிறர் தாமாக உணர்வதனை இவர்கள் முயன்று கணித்துணர்கின்றனரென்பது ஆய்வாளர் கொண்ட முடிபு. தாமே ஓட்டிசமுடைய அறிஞராகிய டேமியன் மில்ற்றன் 2012 இல் இவ்வாராய்ச்சி முழுமைக்கும் ஒரு மறுப்பை எழுப்பினார். ஓட்டிசமுடையோர் ஏனையோர் மனத்தை அறியாமை போலவே, ஏனையோரும் ஓட்டிசமுடையோர் மனத்தை அறியாதிருக்கின்றனர். அங்ஙனமாகவும் ஒரு சாராரையே சோதனைக்கு உட்படுத்தியது ஏன் என்பது அவர் வினா.