மழையும் முட்டைக் கணக்கும்: பெரம்பலூர், அரியலூர் செம்மறிகளில் குடற்புழுக் கண்காணிப்பு

பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே இணைந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. இங்கு மேயும் கறுப்புச் செம்மறிக்கு மட்டும் பழைய மாவட்டத்தின் பெயரே நிலைத்துவிட்டது: திருச்சி கருப்பு. சிறிய உடலும் முரட்டு மயிரும் கொண்ட இனம். இந்த ஆட்டின் வயிற்றுப் புழுவை எண்ணிப் பார்க்கும் வழி எப்படி உருவானது, பட்டிவரை அது ஏன் வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

செம்மறிக்குப் பெரும்பகை நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்னும் உருளைப்புழு. 1803இல் ருடால்பி இதை விவரித்தார். ஒரு புழுவால் நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் போகிறது. ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடலில் இருப்பது ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் ரத்தம்தான். ஒரு மாதத்தில் அதற்கு ஈடான அளவு வெளியேறிவிடும். ஆடு உடனே சாவதில்லை. தாய்க்குப் பால் குறைகிறது, குட்டியின் எடை ஏறுவதில்லை, சினை பிடிப்பது தள்ளிப்போகிறது. இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் வராது என்பதையும் சொல்லவேண்டும். கழிச்சலை எதிர்பார்த்திருப்பவர் தாடை வீங்கிய பிறகுதான் விழித்துக்கொள்கிறார். அதற்குள் பட்டியில் பாதி ஆடு இளைத்திருக்கும்.

எண்ணும் முறை ஆஸ்திரேலியாவில் பிறந்தது. சிட்னியின் மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் கார்டன், விட்லாக் இருவரும் 1939இல் ஒரு கண்ணாடி அறையை வடிவமைத்தனர். புழுக்கையைக் கெட்டியான உப்புக் கரைசலில் கரைத்தால் முட்டைகள் மிதந்து மேலே வரும். குறித்த கட்டங்களுக்குள் அவற்றை எண்ணிப் பெருக்கினால் ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டை என்று தெரியும். கல்லுப்பு, வடிகட்டி, கண்ணாடித் தட்டு, நுண்ணோக்கி இருந்தால் போதும். இத்தனை மலிவான கருவி இத்தனை மெதுவாகப் பரவியது எனக்கு வியப்பே.

1948இல் கார்டன் இன்னொன்றையும் காட்டினார். சராசரி உச்ச வெப்பம் 18 டிகிரிக்கு மேலும், மாத மழை சுமார் 50 மில்லிமீட்டருக்கு மேலும் இருந்தால் ஹீமாங்கஸ் பெருகும். பெரம்பலூரில் முதல் நிபந்தனை ஆண்டு முழுவதும் நிறைவேறுகிறது. மீதியை மழை தீர்மானிக்கிறது. ஆவணி, புரட்டாசி மழையில் தொடங்கி வடகிழக்குப் பருவம் முடியும்வரை புல்நுனியில் லார்வா ஏறிக் காத்திருக்கும். அந்த நேரத்தில் குட்டி ஈன்ற தாயின் எதிர்ப்பாற்றல் தளர்ந்து, அது அதிக முட்டை போட்டால், சுமை குட்டிகளின் தலையில் விழும். ஏரிக்கரைக் கதை வேறு. நத்தை வழியே வரும் தட்டைப்புழுவுக்கு, தண்ணீர் வற்றும் காலத்தில் ஆடுகள் கரையோரப் பச்சையைத் தேடிப் போவதே வாய்ப்பு. அரியலூரின் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிகளில் தேங்கும் நீரையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும்.

எண்ணுவதை மருந்து முந்திக்கொண்டது. 1961இல் தயாபெண்டசோல் வந்தது. மூன்றே ஆண்டில் அமெரிக்காவில் அதை எதிர்த்துப் பிழைத்த புழு பதிவானது. இந்தியாவிலிருந்து அத்தகைய செய்தி 1976இல் வந்தது. தமிழகத்தில் 2000இல் கால்நடைப் பாதுகாப்புத் திட்ட முகாம்கள் குடற்புழு நீக்கத்தை ஊர்தோறும் கொண்டுபோயின. 2011இல் பெண்களுக்கு நான்கு நான்கு ஆடுகளாக விலையில்லாத் திட்டம் தொடங்கியபின் சிறு பட்டிகள் பெருகின. நன்மைதான். ஆனால் எத்தனை ஆட்டுக்கு மருந்து ஊற்றினோம் என்ற கணக்கு, முட்டை எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்லாது. மருந்துக்கு முன் ஒருமுறை, 10 முதல் 14 நாள் கழித்து ஒருமுறை எண்ணி, குறைவு 95 விழுக்காட்டை எட்டாவிட்டால் எதிர்ப்பைச் சந்தேகிக்கவேண்டும்.

கோடையில் மொத்தப் பட்டிக்கும் ஊற்றுவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அப்போது காய்ந்த தரையில் லார்வா அரிது; இருக்கும் புழுவெல்லாம் ஆட்டுக்குள்தான். மருந்துக்குத் தப்பியவை மட்டுமே அடுத்த மழையின் விதையாகும். இதற்கு மாற்றாகத் தென்னாப்பிரிக்காவில் 1990களில் ஃபமாச்சா அட்டை உருவானது. கீழ் இமையின் உட்புறத்தைப் பிரித்து, சிவப்பிலிருந்து வெளுப்புவரை ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து தரும் முறை. தோல் எவ்வளவு கறுத்தாலும் திருச்சி கருப்பின் இமையின் உட்புறத்திலும் ரத்தநிறம்தான் தெரியும். தட்டைப்புழுவாலும் இமை வெளுக்கும் என்பதால் ஏரிக்கரைப் பட்டிகளில் அட்டையை மட்டும் நம்பமுடியாது, புழுக்கையும் வேண்டும்.

முட்டை புல்லில் லார்வாவாகி, ஆட்டுக்குள் முதிர்ந்து மறுபடி முட்டையிடக் குறைந்தது நான்கு வாரம் ஆகும். முதல் நல்ல மழைக்கு முன் பத்து ஆட்டின் புழுக்கை, மழை பெய்த ஐந்தாம் வாரம் அதே பத்தின் புழுக்கை என எடுத்து எண்ணினால், எந்தப் பட்டிக்கு எப்போது மருந்து என்பதை நாள்காட்டியிடம் கேட்கவேண்டியிருக்காது.