ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்: திரைப்படத்துக்கும் இசைக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாறசாலை: கேரளத்தின் தெற்கு எல்லையில், களியக்காவிளையை அடுத்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒருசேர ஒலிக்கின்றன. இரு மொழித் திரைப்படங்களும் இங்குள்ள வீடுகளுக்கு அந்நியமல்ல. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006-ஆம் ஆண்டு பாடி, அங்குக் கச்சேரி செய்த முதல் பெண் என்ற பெருமையைப் பெற்ற பாறசாலை பொன்னம்மாளும், பத்மஸ்ரீ விருது பெற்ற நெய்யாற்றின்கரை வாசுதேவனும் இம்மண்ணின் கர்நாடக இசைக் கலைஞர்கள் ஆவர்.

திரைப்படத்தின் வெடியோசையையும் தம்புராவின் மெல்லிய சுருதியையும் ஒரே கருவி சரிவரத் தருமா என்பதே ஆம்ப்ளிஃபயர் வாங்குவோர் முன் நிற்கும் முதல் கேள்வி. தவறான தேர்வால் வீணாவது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு என்பதால், கவனிக்க வேண்டியவை இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

இரு வகைக் கருவிகள்

வீட்டுப் பயன்பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர்களில் முதன்மையானவை இரண்டு. இடம், வலம் என இரு ஒலிபெருக்கிகளை மட்டும் இயக்குவது ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். ஐந்து, ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகளை இயக்குவதோடு, டால்பி, டி.டி.எஸ். ஒலி வடிவங்களைப் பிரித்தறிந்து காட்சி இணைப்புகளையும் கையாள்வது ஏ.வி. ரிசீவர்.

ஒரே விலையில் இவ்விரண்டையும் ஒப்பிட்டால், ஸ்டீரியோ கருவியில் பணம் முழுவதும் இரு சேனல்களின் தரத்துக்கே செலவாகிறது. ரிசீவரில் அது பல சேனல்களுக்கும் மின்னணுச் சுற்றுகளுக்கும் பங்கிடப்படுகிறது. எனவே, பெரும்பாலும் இசை கேட்போருக்கு நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரு தரமான ஒலிபெருக்கிகளுமே போதுமானவை. திரைப்படமே முதன்மை எனில் ரிசீவர் பொருந்தும். இரண்டும் வேண்டுவோர், பிரீ-அவுட் எனப்படும் வெளியீடு உள்ள ரிசீவரை வாங்கினால், பின்னாளில் இசைக்கெனத் தனி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம்.

‘5.1.2’ என்ற குறியீட்டில் முதல் எண் காது மட்டத்திலுள்ள ஒலிபெருக்கிகளையும், இரண்டாவது சப்-வூஃபரையும், மூன்றாவது மேற்புற ஒலிபெருக்கிகளையும் குறிக்கிறது. சப்-வூஃபரில் பொதுவாகத் தனி ஆம்ப்ளிஃபயர் இருப்பதால், இதற்கு ஏழு சேனல் ரிசீவர் தேவைப்படும்.

வாட் கணக்கில் ஏமாறாதிருக்க

பெட்டியின் மீது ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் ‘பி.எம்.பி.ஓ.’ வாட் அளவுக்கு நிலையான அளவீட்டு முறை எதுவும் இல்லை. அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 8 ஓம் மின்தடையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, குறைந்தது இரு சேனல்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது தொடர்ந்து கிடைக்கும் ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்பதையே பார்க்க வேண்டும். ஒரே சேனலை, ஒரே அலைவெண்ணில், 10 விழுக்காடு ஒலிச்சிதைவுடன் அளந்து காட்டப்படும் எண் பெரிதாகத் தோன்றினாலும் நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவே.

வாட் இரட்டிப்பானால் ஒலி இரட்டிப்பாவதில்லை. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குச் சென்றால் 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே ஒலிபெருக்கியின் உணர்திறன் முக்கியமாகிறது. 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபல் தரும் ஒலிபெருக்கி, 87 டெசிபல் தருவதைவிடப் பாதி மின்திறனிலேயே அதே ஒலியை எழுப்பும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, சேனலுக்கு உண்மையான 50 வாட் பொதுவாகப் போதுமானது. 4 ஓம் ஒலிபெருக்கிகள் கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பவை என்பதால், ஆம்ப்ளிஃபயர் அதற்கு ஏற்புடையதா எனக் கையேட்டில் உறுதிசெய்ய வேண்டும்.

வசனம் தெளிவாகக் கேட்க

திரைப்படத்தின் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கி வழியாகவே வருகிறது. ஆதலால் மேற்புற ஒலிபெருக்கிகளைவிட இதற்கே முதலில் செலவிடுவது நன்று. டைல்ஸ் தரையும் கான்கிரீட் சுவர்களும் ஒலியை எதிரொலித்து வசனத்தைக் குழப்பும். கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் இக்குறையைக் குறைந்த செலவில் பெருமளவு தீர்க்கும். சிறிய ஒலிபெருக்கிகளுக்கு 80 ஹெர்ட்ஸ் என்ற பிரிப்பு அளவை அமைத்து, அதற்குக் கீழுள்ள ஒலியைச் சப்-வூஃபருக்கு அனுப்புவது வழக்கம்.

தொலைக்காட்சியுடன் இணைக்கையில் எச்.டி.எம்.ஐ. ஆர்க், இ-ஆர்க் என்ற இரு வசதிகளைக் காணலாம். இணையத் திரைத் தளங்கள் அனுப்பும் அட்மாஸ் ஒலிக்குப் பெரும்பாலும் ஆர்க் போதும். தொலைக்காட்சி வழியாக ப்ளூ-ரேயின் சுருக்கப்படாத தர ஒலியைப் பெற இ-ஆர்க் வேண்டும்.

மின்னல், வெப்பம், மின்னழுத்தம்

கோடை மழையும் துலாவர்ஷமும் இடியோடு வரும் பகுதி இது. இடிமுழக்கம் நெருங்கும் முன்பே மின்செருகியைக் கழற்றுவதோடு கேபிள், பிராட்பேண்ட் கம்பிகளையும் துண்டிக்க வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் பாதுகாப்பாகாது. நில இணைப்பு சரியாக உள்ளதா என்பதை மின்பணியாளர் மூலம் சோதிப்பது அவசியம். கருவிக்கு மேலும் பக்கங்களிலும் காற்றோட்டத்துக்கு இடம் விடப்பட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவி எனில் பின்புறம் குறித்த மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கான 120 வோல்ட், ஜப்பானுக்கான 100 வோல்ட் கருவிகளை இங்குள்ள 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் அவை பழுதாகும்.

எல்லை கடந்து வாங்கினால்

திருவனந்தபுரத்தில் வாங்கினாலும் மார்த்தாண்டம், நாகர்கோவிலில் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. விகிதம் ஒன்றே. எனவே விலையில் காணும் வேறுபாடு கடைக்காரர் தரும் தள்ளுபடியைப் பொறுத்ததே. ரசீது இல்லாமல் விலை குறைத்துத் தருவதை ஏற்றால், உத்தரவாதம் கோருவது கடினமாகும்.

2020 ஜூலை 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். அதாவது, நாகர்கோவிலில் வாங்கிய கருவி குறித்துப் பாறசாலைவாசி திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தை அணுக இயலும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அக்கம்பக்கத்தார் நலன்

ஒலி மாசு விதிகள் 2000-இன்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. பல ரிசீவர்களில் உள்ள இரவு நேர அமைப்பு, பேரொலியைத் தணித்து மெல்லொலியை உயர்த்துவதால், குறைந்த ஒலியிலும் வசனம் புரியும்.

வாங்கும் முன் அறையின் அளவைக் குறித்துக்கொண்டு, பழகிய ஒரு பாடலையும் வசனம் மிகுந்த ஒரு காட்சியையும் கடையில் ஒலிக்கச் செய்து கேட்பது சிறந்தது. செலவில் பெரும்பங்கு ஒலிபெருக்கிகளுக்கும், அடுத்த பங்கு ஆம்ப்ளிஃபயருக்கும் ஒதுக்கப்படுவதே நீண்ட காலத்துக்குப் பயன் தரும் என்பது குறிப்பிடத்தக்கது.