துஷ்யந்தியின் பெயரை வெட்டியது யார்?

போன வருசம் எங்கட கலைப்பீடத்தில ஒரு சின்ன நிகழ்வு செய்தனாங்கள். பதிஞ்ச ஆக்களின்ர பெயர்களை நிரைப்படுத்தி ஒரு பட்டியல் அடிக்கவேண்டியிருந்தது. கணினி படிக்கிற நண்பன் ஒருத்தன், "உதுக்கு எக்ஸெல் எல்லாம் என்னத்துக்கு மச்சான், சி-யில பத்து வரியில அடிச்சுத் தாறன்" எண்டான். அடிச்சும் தந்தான்.

ஆங்கிலத்தில் பதிந்தவர்களின் பெயர்கள் நூல் பிடிச்ச மாதிரி நேராக நின்றன. தமிழில் பதிந்தவர்களின் வரிகள் ஆளுக்கொரு பக்கம் இழுபட்டன. துஷ்யந்தி என்ற பெயர் "துஷ்யந" என்று வந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. "பிழை என்ர இல்லையடா, பிரிண்ட்எஃப் அப்பிடித்தான்" எண்டான் நண்பன்.

"அப்பிடித்தான்" எண்ட சொல்லைக் கேட்டால் வரலாறு படிக்கிற ஆளுக்குச் சும்மா இருக்க ஏலாது. எதுவும் தானாக அப்படி ஆவதில்லை. யாரோ, எங்கேயோ, ஏதோ ஒரு தேவைக்காக அப்படி ஆக்கியிருப்பார்கள். அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

அட்டையிலிருந்து தொடங்கிய கதை

பிரிண்ட்எஃப் என்பதில் கடைசியில் நிற்கும் எஃப், வடிவமைத்தல் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. ஒரு தரவை எத்தனை இடத்துக்குள், எந்த உருவத்தில் காட்டுவது என்பதுதான் வடிவமைத்தல். இந்தக் கேள்வி சி மொழிக்கு முந்தியது. 1890 இல் ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டுக்கு ஹேர்மன் ஹொலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். ஒரு மனிதரின் வயது, பால், பிறந்த இடம் எல்லாம் அட்டையில் குறித்த இடங்களில் போடும் துளைகளாகின. அட்டையில் இடம் ஒதுக்காத விசயம் எண்ணப்படாது. அவருடைய கம்பனி வேறு கம்பனிகளோடு சேர்ந்து பின்னாளில் ஐபிஎம் ஆனது.

அதே ஐபிஎம்மில் ஜோன் பாக்கஸின் குழு 1957 இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில், ஓர் எண்ணுக்கு எத்தனை இடம், புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்று சொல்வதற்கென்றே தனிக் கூற்று இருந்தது. சொற்களை அச்சிட வேண்டுமென்றால், அதில் எத்தனை வரியுருக்கள் என்று நாமே எண்ணி முன்னுக்குப் போட்டு, அதன் பக்கத்தில் எச் என்ற எழுத்தையும் எழுதவேணும். அந்த எச், ஹொலரித்தின் முதலெழுத்து. ஆள் போனாலும் அட்டை போகவில்லை.

எல்லாரும் இந்த வேலையை விரும்பவில்லை. அல்கோல் 60 மொழியை வரையறுத்தவர்கள் உள்ளீடு, வெளியீடு பற்றி அதில் ஒன்றுமே சொல்லாமல் விட்டார்கள். அது அந்தந்தக் கணினியின் பாடு. கணிதம் மேல்சாதி, அச்சிடுவது எடுபிடி வேலை என்ற எண்ணம் அதற்குள் இருந்ததோ என்று எனக்கொரு சந்தேகம்.

வகை தெரியாத காலத்துப் பிள்ளை

சதவீதக் குறி வருவது வேறு வழியால். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் றிச்சர்ட்ஸ் 1967 அளவில் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் ரைட்எஃப் என்று ஒன்று இருந்தது. அதிலிருந்து வந்தது பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் செய்த பி மொழி. 1972 இல் அவர் எழுதிய பி மொழிக் கையேட்டில் பிரிண்ட்எஃப் இருக்கிறது. %டி என்றால் பதின்ம எண், %ஓ என்றால் எட்டடி எண், %சி என்றால் வரியுரு, %எஸ் என்றால் எழுத்துச் சரம். இன்றைக்கு முதலாம் வருசப் பிள்ளைகள் பாடமாக்கும் அதே எழுத்துகள்.

இதில்தான் எனக்கு முக்கியமான விசயம் பிடிபட்டது. பி மொழியில் தரவு வகைகளே இல்லை. எண்ணும் எழுத்தும் முகவரியும் கணினிக்கு ஒரே மாதிரியான பெட்டிகள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மொழிக்குத் தெரியாது, எழுதினவருக்குத்தான் தெரியும். அதனால் அவர் "இதை எண்ணாகப் பார், இதை எழுத்தாகப் பார்" என்று சொல்லவேண்டியிருந்தது. சதவீதக் குறி அந்தச் சொல்லுதல்.

அதற்குப் பிறகு டெனிஸ் றிச்சி பி-யை மாற்றி சி-யை உருவாக்கினார். சி-யில் வகைகள் வந்தன. ஆனால் பிரிண்ட்எஃப் பழைய பழக்கத்திலேயே இருந்தது. நீங்கள் %எஸ் என்று எழுதிவிட்டு ஓர் எண்ணைக் கொடுத்தால், அது அந்த எண்ணை ஒரு முகவரி என்று நம்பி நினைவகத்தில் அந்த இடத்துக்குப் போகும். கேள்வி கேட்காது.

உள்ளீட்டுப் பக்கத்தில் ஸ்கேன்எஃப், மைக் லெஸ்க் எழுதிய நூலகத்தின் வழியாக வந்தது. அந்த நூலகம் திருத்தப்பட்டு, 1979 இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு பரவலானது. பார்க்கப் போனால் இரண்டும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, அதே குறிகள், அதே எழுத்துகள். ஆனால் வெளியீட்டில் நாங்கள் எங்கட தரவை அனுப்புறம். உள்ளீட்டில் யாரென்றே தெரியாத ஆள் அனுப்புறதை வாங்குறம். இரண்டுக்கும் ஒரே அளவு நம்பிக்கை வைக்கலாமா?

நம்பிக்கையின் விலை

பெல் ஆய்வுகூடத்தில் ஒருத்தரை ஒருத்தர் தெரியும். அங்கே அந்த நம்பிக்கை சரிதான். உலகம் முழுக்க இணைக்கப்பட்ட பிறகுதான் சிக்கல். 1988 நவம்பர் 2 இல் கோர்னல் பல்கலைக்கழக மாணவர் றொபேர்ட் மொறிஸ் விட்ட நிரல் இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, கெட்ஸ் என்ற உள்ளீட்டுச் சார்பு. வரும் வரி எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. 512 பைட் இடத்துக்குள் அதைவிட நீளமான வரி வந்தபோது, மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழிந்தது. 2011 இன் சி தரநிலையில்தான் கெட்ஸ் ஒரேயடியாக நீக்கப்பட்டது. அளவு சொல்லாமல் ஸ்கேன்எஃப்பில் %எஸ் போட்டால் இன்றைக்கும் அதே ஆபத்துத்தான்.

பிரிண்ட்எஃப்பும் சும்மா இருக்கவில்லை. அதில் %என் என்று ஒரு குறி உண்டு. அது எதையும் அச்சிடாது. இதுவரை எத்தனை வரியுருக்கள் அச்சாகின என்ற கணக்கை நினைவகத்தில் எழுதும். அந்நியர் ஒருவர் தந்த சொல்லையே வடிவமைப்புச் சரமாகக் கொடுத்துவிட்டால், அவர் நினைவகத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றலாம். 2000 ஆம் ஆண்டில் பரவலாகப் பாவிக்கப்பட்ட ஒரு கோப்புப் பரிமாற்ற வழங்கி இப்படி உடைக்கப்பட்டது. 2021 ஜூனில், சதவீதக் குறிகளைக் கொண்ட ஒரு வைஃபை பெயரோடு இணைந்த ஐஃபோன்களில் வைஃபை வேலை செய்யாமல் போனது. 1972 இன் சதவீதக் குறி, கிட்டத்தட்ட ஐம்பது வருசம் கழித்து.

திரும்பத் துஷ்யந்தியிடம்

இப்ப எங்கட பட்டியலுக்கு வருவம். நண்பன் பெயருக்கு 20 இடம் ஒதுக்கி, அதுக்கு மேலே போனால் வெட்டச் சொல்லியிருந்தான். பிரிண்ட்எஃப்புக்கு 20 என்றால் 20 பைட். அமெரிக்காவில் எழுதியவர்களுக்கு ஓர் எழுத்து ஒரு பைட்டுக்குள் அடங்கும், வேறு கணக்குத் தேவைப்படவில்லை. ஆனால் யுடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். "அம்மா" எங்கட கண்ணுக்கு மூன்று எழுத்து. யுனிகோட் கணக்கில் ஐந்து குறிகள், ஏனென்றால் புள்ளியும் காலும் தனித்தனி. பிரிண்ட்எஃப்புக்கு 15. துஷ்யந்தி 27 பைட். இருபதில் வெட்டினால் ஆறு குறிகள் தப்பும், ஏழாவதான புள்ளி அரைகுறையாய்ப் போகும். அந்த அரைகுறைதான் கேள்விக்குறி.

இதில் ஒரு விசித்திரம். யுடிஎஃப்-8 ஐ 1992 செப்டெம்பரில் நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மேசையில் விரிக்கும் தாளில் வைத்து உருவாக்கியவர்கள் றொப் பைக்கும், அதே கென் தொம்சனும். பி மொழியில் பிரிண்ட்எஃப்பை எழுதினவரும், உலக எழுத்துகள் எல்லாம் பழைய நிரல்களுக்குள்ளால் உடையாமல் போக வழி செய்தவர்களில் ஒருவரும் ஒரே ஆள். அதனால் இதைத் தமிழை ஒதுக்கின சதிக் கதையாக என்னால் எழுத முடியாது. பழைய நிரல்களை உடைக்காமல் தமிழுக்குக் கதவு திறந்தார்கள். கதவு திறந்தது, உள்ளே அளக்கிற அடிக்கோல் மட்டும் மாறவில்லை.

ஆனால் சதி இல்லை என்பதற்காகப் பாதிப்பு இல்லை என்றாகாது. படிவத்தில் பெட்டி போடுகிறவருக்குத் தன்ர பெயரின் நீளந்தான் முதலில் ஞாபகம் வரும். 1890 இன் அட்டைக்கும் எங்கட பட்டியலுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. பைட்டை விட்டு எழுத்தை எண்ணுகிற நிரல்கள் இன்றைக்கு இருக்கு, ஆனால் யாராவது ஒருத்தர் அதைத் தேடிப் போடவேணும். தமிழ்ப் பெயர் வரும் எண்டு முன்கூட்டியே நினைக்கிற ஒருத்தர்.

அண்டைக்கு எங்களுக்கு நேரம் இல்லை. அச்சடிச்ச தாளில் அந்தக் கேள்விக்குறியை வெட்டி, மிச்ச எழுத்துகளைப் பேனையால் எழுதினன். நண்பன் அடுத்த நாள் நிரலைத் திருத்தினான். பரிசோதிக்க முதலில் போட்டது துஷ்யந்தியின் பெயரைத்தான். நீங்களும் உங்கட பெயரை ஒருக்கா எண்ணிப் பாருங்கோ: எத்தனை எழுத்து, எத்தனை குறி, எத்தனை பைட் எண்டு.